சோக்கை எடுத்தால் நின்றுவிடும் பிரஷ் கட்டர்

ஐப்பசி மழை பிடிப்பதற்குள் தோப்பில் ஒரு தடவை புல் அடித்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பொள்ளாச்சிப் பக்கம் ஆனி, ஆடியிலேயே சாரல் விழுந்துவிடுவதால், புரட்டாசிக்குள் தென்னை வரிசைகளுக்கு இடையில் புல் முழங்காலைத் தொட்டுவிடும். அதற்குள் விழுகிற தேங்காய் கண்ணுக்கே தெரியாது. பொறுக்க வருகிற அக்காமார் ஒவ்வோர் அடியும் யோசித்துத்தான் வைப்பார்கள். விரியன் நடமாட்டம் உள்ள இடம். அந்த நேரம் பார்த்துப் புல்வெட்டும் மெஷின் படுத்துக்கொண்டால் எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

மெஷின் 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர், வாங்கி நான்கு வருடம் ஆகிறது. தோப்பைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போனில் சொன்னார்: "தம்பி, சோக்கு போட்டா புடிக்குதுங்க. சோக்க எடுத்தா நின்னுருது. பாதி சோக்குல வெச்சு ரெண்டு வரிசை ஓட்டிப் பாத்தேன், இழுவையே இல்லீங்க."

அவர் சொன்னதிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. சோக் என்பது காற்றை மறிக்கும் தகடு, அவ்வளவுதான். காற்றை மறித்தால் ஓடுகிறது, திறந்தால் நிற்கிறது என்றால், என்ஜினுக்குப் பெட்ரோல் போதவில்லை. இல்லையென்றால் வரக்கூடாத வழியில் காற்று புகுகிறது. இந்த இரண்டுக்கு வெளியே தேட வேண்டிய அவசியம் பெரும்பாலும் இருக்காது.

நான் ஊருக்குப் போவதற்குள் அவர் ஒரு கடையில் காட்டியிருந்தார். அங்கே, பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்புரேட்டரின் பக்கவாட்டில், பெட்ரோல் அளவை மாற்ற இருக்கும் இரண்டு திருகுகளையும் அப்படியும் இப்படியும் திருகிப் பார்த்துவிட்டு, பிஸ்டன் ரிங் போயிருக்கும், மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ரிங் விஷயத்தை விடுங்கள். அந்தத் திருகுகளைத் தொட்டதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. நான்கு வருடம் ஒழுங்காக ஓடிய மெஷினில் திருகு தானாகவே இடம் மாறிவிடாது. மாறியது வேறு ஏதோ. அது என்னவென்று தெரிவதற்கு முன்னால் திருகைத் திருப்பினால், நோய் இருந்த இடத்திலேயே இருக்கும். நல்லபடியாக இருந்த ஒரு அளவும் கையை விட்டுப் போய்விடும்.

சனிக்கிழமை காலை மெஷினைத் திண்ணையில் கிடத்தினேன். முதலில் ரிங் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம் என்று பட்டது. ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினை மெதுவாகத் தூக்கினேன். ரிங் தேய்ந்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம், இல்லாத என்ஜின் என்றால் கயிறு நழுவிக்கொண்டே வந்து மெஷின் கீழே இறங்கிவிடும். இது தொங்கிக்கொண்டு நின்றது, பிறகு ஒவ்வொரு அழுத்தமாகத் தடுத்துத் தடுத்து இறங்கியது. பிளக்கைக் கழற்றினால் நுனி காய்ந்து, வெளிறிப்போய் இருந்தது. நன்றாக ஓடும் டூ ஸ்ட்ரோக் பிளக் காப்பித்தூள் நிறத்தில், லேசான எண்ணெய்ப் பசையோடு இருக்க வேண்டும். வெளிறினால் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். சிலிண்டரின் உலோகத்தில் வைத்துக் கயிற்றை இழுத்தேன். பொறி நீலமாக, சத்தத்தோடு வந்தது. அப்புறம் பிளக்கை மாட்டிவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் அரை டீஸ்பூன் மிக்ஸ் பெட்ரோல் (டூ ஸ்ட்ரோக்குக்கான டூ டி ஆயில் கலந்த பெட்ரோல்) விட்டு இழுத்தேன். உடனே பிடித்தது, மூன்று விநாடி சீறியது, நின்றது. பொறி உண்டு, அழுத்தம் உண்டு, கையால் ஊட்டினால் ஓடவும் செய்கிறது. தானாகக் குடிக்கத்தான் முடியவில்லை. ரிங் பேச்சு அங்கேயே முடிந்தது. சைலன்சருக்குள் இருக்கும் கம்பி வலையையும் ஒரு பார்வை பார்த்தேன், கரி அடைத்திருந்தாலும் இழுவை போகும். அது சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்தது டேங்க். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டேங்கில் இருந்ததைத் தூக்கி வெளியே ஊற்றிவிடாமல், பழைய கண்ணாடி பாட்டில் ஒன்றில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். கால் மணி நேரத்தில் தெளிந்தது. மேலே டூ டி ஆயிலின் நிறத்தில் பெட்ரோல். அடியில் அரை விரல் உயரத்துக்கு, கஞ்சித் தண்ணீர் மாதிரி கலங்கலாக இன்னொரு படலம். பாட்டிலைச் சாய்த்தால் அந்தப் படலம் தனியாக உருண்டது.

அது தண்ணீரும் எத்தனாலும். நம் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 2022 ஜூனில் 10 சதவீதத்தை எட்டியது, 2025-இல் 20 சதவீதம் ஆனது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓரளவு வரை தண்ணீரைத் தன்னோடு கரைத்து வைத்திருக்கும்; அளவு மீறினால் பெட்ரோலை விட்டுப் பிரிந்து தண்ணீரையும் கூட்டிக்கொண்டு அடியில் போய் உட்கார்ந்துவிடும். தினமும் ஓடும் பைக்கில் இது நடக்க நேரம் இருப்பதில்லை. மூன்று மாதம் ஷெட்டில், பாதி டேங்க் பெட்ரோலோடு, சாரல் காற்றில் நிற்கும் மெஷினில் நடக்கிறது. இதில் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. டூ ஸ்ட்ரோக் என்ஜினுக்கு மசகு எண்ணெய் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. பிரிந்தபோது ஆயில் மேலே பெட்ரோலிலேயே நின்றுவிடுகிறது. உறிஞ்சும் குழாயின் முனையோ டேங்கின் அடியில் கிடக்கிறது. அதாவது என்ஜினுக்குள் முதலில் போவது எண்ணெயே இல்லாத திரவம். பிஸ்டன் உரசிப் பிடித்துக்கொள்ள அது போதும். அண்ணன் பாதி சோக்கில் இரண்டு வரிசையோடு நிறுத்தியது நல்லதாகப் போயிற்று.

டேங்கைக் கழுவிக் காயவைத்து, உள்ளே கிடக்கும் ஃபில்டரைக் கம்பிக் கொக்கியால் வெளியே இழுத்தேன். வழவழவென்று பாசி பிடித்த மாதிரி இருந்தது. புதிது 40 ரூபாய், மாற்றிவிட்டேன். புது மிக்ஸ் ஊற்றி, கார்புரேட்டரின் அடியில் இருக்கும் ரப்பர் பல்பை அமுக்கினேன். இந்தப் பல்பு பெட்ரோலை என்ஜினுக்குள் தள்ளுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இல்லை. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலை இழுத்து, மிச்சத்தை இன்னொரு குழாய் வழியாக டேங்குக்கே திருப்பி அனுப்புகிறது. அதனாலேயே இது நல்ல நோய்காட்டி. விடாமல் குமிழியாக வந்தால் உறிஞ்சும் குழாயில் எங்கோ வெடிப்பு. அமுக்கிய பல்பு எழாமல் ஒட்டிக்கொண்டே கிடந்தால் வழியில் எங்கோ அடைப்பு. எங்களுடையது இரண்டாவது. குழிந்து போனது குழிந்தபடியே இருந்து, பத்து பதினைந்து விநாடி கழித்து மெல்ல எழுந்தது. குழாயைக் கார்புரேட்டரிலிருந்து உருவி வாயால் ஊதிப் பார்த்தால் டேங்குக்குள் தாராளமாகக் குமிழி விட்டது. ஆகவே அடைப்பு கார்புரேட்டருக்குள்.

பிரிப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. எல் (மெதுவான ஓட்டத்துக்கு), ஹெச் (முழு வேகத்துக்கு) என்று எழுதியிருக்கும் இரண்டு திருகுகளையும், எத்தனை சுற்று என்று எண்ணிக்கொண்டே, மெல்லத் தட்டும்வரை உள்ளே திருக வேண்டும். அந்த எண்ணிக்கையை எழுதிவைத்துக்கொண்டுதான் கழற்ற வேண்டும். எல் இரண்டரைச் சுற்று, ஹெச் முக்கால் சுற்று இருந்தது. கடையில் திருகிய பிறகு இந்த எண்களுக்கு அர்த்தம் இல்லை என்றாலும் எழுதி வைத்தேன்.

சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துப் பிரித்தேன். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் ஒன்று தெறித்துத் திண்ணைக்குக் கீழே போனால் அன்றைய வேலை அதோடு சரி. பல்பு இருக்கும் பக்கத்தில் நான்கு திருகு. மூடியைத் தூக்கியதும் மீட்டரிங் டயாப்ரம், அதாவது பெட்ரோலை அளந்து விடும் சவ்வு, வந்தது. விரலால் நடுவில் அழுத்தினேன். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி சடக்கென்று குழிந்து அங்கேயே நின்றது. புதியதாக இருந்தால் காற்று பட்டாலே அசையும் அளவுக்குத் துவண்டு இருக்கும். அதற்குக் கீழே அறையின் சுவரில் வெள்ளை வெள்ளையாகப் பொடி, அலுமினியத்தைத் தண்ணீர் தின்ற அடையாளம். இன்னொரு பக்கம், ஒரே திருகுள்ள மூடிக்கு அடியில், மிளகு அளவுக்கு ஒரு வட்டச் சல்லடை. அதில் பாதிக்கு மேல் பழுப்புப் பிசின்.

இந்தக் கார்புரேட்டரில் பைக்கில் இருப்பதுபோல மிதவை கிடையாது. மெஷினை எப்படிச் சாய்த்தாலும் ஓட வேண்டுமே, மிதவை வைத்தால் நடக்காது. அதற்குப் பதில் இரண்டு சவ்வுகள். ஒன்று பம்ப். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதற்கு அடியில் உள்ள கிராங்க் கேஸ் அறையில் அழுத்தம் ஏறி இறங்கும். அந்தத் துடிப்பு ஒரு சின்னத் துவாரம் வழியாக வந்து இந்தச் சவ்வைத் தட்டுகிறது, அதுவே பெட்ரோலை டேங்கிலிருந்து மேலே இழுக்கிறது. மற்றது மீட்டரிங் சவ்வு. அதன் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் பெட்ரோல். என்ஜின் உறிஞ்சும்போது சவ்வு உள்ளே வளைந்து ஒரு லீவரை அழுத்தும், லீவரின் மறுமுனை ஊசியைத் தூக்கும், பெட்ரோல் அறைக்குள் வரும். சவ்வு விறைத்துவிட்டால் சாதாரண உறிஞ்சலுக்கு வளையாது. சோக் போட்டால் உறிஞ்சல் பல மடங்கு கூடுவதால் அப்போது மட்டும் வளையும். அண்ணன் போனில் சொன்ன நோயும், எழ மறுத்த பல்பும் இந்த ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன.

ரிப்பேர் கிட் 130 ரூபாய்க்குக் கிடைத்தது: இரண்டு சவ்வு, கேஸ்கெட்டுகள், ஊசி, லீவர், ஸ்பிரிங், சல்லடை. புதுக் கார்புரேட்டரே 600 ரூபாய்க்குக் கிடைக்கும்போது ஏன் மெனக்கெட வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். புதிதில் ஜெட்டின் (பெட்ரோல் வரும் துளையின்) அளவு என்ன, ஊசி எந்த அழுத்தத்தில் திறக்கும் என்பது யாருக்கும் தெரியாது. மெஷினோடு வந்தது அந்த என்ஜினுக்கு என்று பொருத்தப்பட்டது. உடம்பு கெடாத வரை பழையதைச் சரிசெய்வதே மேல் என்பது என் எண்ணம்.

சவ்வு, ரப்பர் எல்லாவற்றையும் எடுத்த பிறகே கிளீனர் ஸ்ப்ரே அடிக்க வேண்டும், அது ரப்பரைத் தின்றுவிடும். எல் திருகு இருந்த ஓட்டையில் ஸ்ப்ரேயின் குழலை வைத்து அடித்தால், ஆக்சிலேட்டர் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டின் ஓரத்தில் இருக்கும் ஊசிமுனைத் துவாரங்கள் மூன்றிலிருந்தும் பீய்ச்ச வேண்டும். முதலில் ஒன்றில்தான் வந்தது. ஊறவிட்டு, திரும்ப அடித்து, நான்காவது தடவைதான் மூன்றும் திறந்தன. இந்தத் துவாரங்களில் கம்பி விட்டுக் குத்தக்கூடாது. மயிரிழை அகலமானாலும் அளவு போயிற்று. பஞ்சர் கடை கம்ப்ரசரிலும் ஊதவில்லை. மெயின் ஜெட்டின் உள்ளே காற்றைத் திருப்பி விடாத மெல்லிய வால்வு ஒன்று உண்டு, அந்த வேகத்தை அது தாங்காது. சைக்கிள் பம்பே போதும்.

மாட்டும்போது ஒரு சிக்கல் எல்லோருக்கும் வரும். மீட்டரிங் பக்கத்தில் முதலில் கேஸ்கெட், அதன்மேல் சவ்வு. பம்ப் பக்கத்தில் முதலில் சவ்வு, அதன்மேல் கேஸ்கெட். இரண்டு பக்கமும் ஒரே வரிசையாக இருக்கும் என்று நினைத்து மாட்டினால் ஓடாது. புது லீவரின் உயரத்தையும், பிரிக்கும் முன் எடுத்த போட்டோவோடு ஸ்கேல் வைத்து ஒப்பிட்டேன். லீவர் தாழ்ந்தால் பெட்ரோல் போதாது, உயர்ந்தால் என்ஜின் பெட்ரோலில் மூழ்கும்.

மாலை நாலு மணிக்குப் பூட்டி முடித்தேன். பல்பு இப்போது அமுக்கிய கையோடு எழுந்தது, நாலைந்து அமுக்கலில் நிறைந்தது. கயிற்றை இழுத்தேன், பிடித்தது, சோக்கை எடுத்தேன், ஓடியது. அண்ணன் முகம் மலர்ந்தது. பத்தே விநாடியில் நின்றுவிட்டது.

திரும்ப இழுத்தால் பிடிக்கவில்லை. பல்பை அமுக்கிவிட்டு இழுத்தால் பிடிக்கிறது, பத்து விநாடி ஓடி நிற்கிறது. நான்கு தடவை இதே கதை. வேலை அத்தனையும் வீணா என்று மனது சோர்ந்துதான் போனது. இருட்டிவிட்டதால் அப்படியே மூடிவைத்தேன்.

ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தபோது விடை அந்தப் பத்து விநாடியிலேயே இருந்தது. பல்பை அமுக்கினால் ஓடுகிறது என்றால், பம்ப் செய்ய வேண்டிய வேலையை என் கட்டைவிரல் செய்கிறது. அறையில் நிரப்பிய பெட்ரோல் தீரும்வரை என்ஜின் ஓடுகிறது. அதற்குமேல் மேலே இழுக்க ஆள் இல்லை. டேங்க் என்ஜினுக்குக் கீழே இருப்பதால் தானாகவும் வராது. ஆக, பம்ப் சவ்வுக்குத் துடிப்பு வரவில்லை.

காலையில் கழற்றிப் பார்த்தேன். தவறு என்னுடையதுதான். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கறுப்பு பேக்லைட் கட்டை ஒன்று உண்டு, அதற்கு இரண்டு புறமும் கேஸ்கெட். பழையது சுரண்டும்போது துண்டு துண்டாக வந்துவிட்டது, கிட்டிலும் அது இல்லை. கேஸ்கெட் ஷீட் வாங்கி நானே வெட்டினேன். நடுவில் பெரிய வட்டம், இரண்டு போல்ட் ஓட்டை. பெரிய வட்டத்துக்குப் பக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் அகலத்தில் இருந்த நான்காவது ஓட்டையை விட்டுவிட்டேன். கிராங்க் கேஸின் துடிப்பு வருவது அந்த ஓட்டை வழியாகத்தான். ஷீட்டின் மறுபக்கத்தில் அந்த இடத்தில் மட்டும் வட்டமாக எண்ணெய்க் கறை பதிந்து, வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டை போட்டுத் திரும்ப மாட்டினேன். இந்த முறை நிற்கவில்லை. ஓடும்போதே அந்தக் கட்டையைச் சுற்றி லேசாக ஸ்ப்ரே அடித்துப் பார்த்தேன். வேகம் மாறவில்லை, காற்று புகவில்லை. அதற்கப்புறம்தான் திருகுகளுக்கு வந்தேன்.

இரண்டையும் ஒன்றேகால் சுற்றில் வைத்துவிட்டு, ஐந்து நிமிடம் சூடாக விட்டேன். எல் திருகை உள்ளே கொண்டுபோனால் ஓரிடத்தில் திணறும், வெளியே எடுத்தால் இன்னோரிடத்தில் கொழகொழக்கும். நடுவில், கொஞ்சம் வெளிப்பக்கமாக நிறுத்த வேண்டும். ஆக்சிலேட்டரைச் சட்டென்று அழுத்தினால் தயங்காமல் எழ வேண்டும், அதுதான் பரீட்சை. ஐடிலிங் திருகை, புல் வெட்டும் நைலான் தலை சுற்றாமல் நிற்கும் அளவுக்கு இறக்கினேன். ஹெச் திருகில்தான் நிதானம் வேண்டும். நைலான் கயிறு முழு நீளத்துக்கு இருக்கும்போது முழு ஆக்சிலேட்டர் கொடுத்து, சத்தம் தடதடவென்று உடையும்வரை வெளியே திறந்தேன். பிறகு சத்தம் சீராகும்வரை மெல்ல மூடி, அங்கிருந்து அரைக்கால் சுற்று திரும்பவும் திறந்துவிட்டேன். இன்னும் மூடினால் வேகம் ஏறும், கேட்கவும் இனிமையாக இருக்கும், ஆனால் பெட்ரோல் குறையும்போது ஆயிலும் சேர்ந்துதான் குறைகிறது. கடையில் வைத்திருந்த முக்கால் சுற்றில் வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் பிஸ்டன் நிச்சயம் பிடித்திருக்கும். எத்தனால் கூடின பிறகு இந்த விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அதே திருகு, அதே ஜெட் என்றால் கலவை முன்பைவிட மெலிந்துதான் போகும். கடைசியில் எல் ஒன்றேகாலிலும், ஹெச் ஒன்றரைக்குக் கொஞ்சம் உள்ளேயும் நின்றன. ஷெட் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறேன்.

இனி மிக்ஸ் அன்றன்றைக்கு வேண்டியது மட்டும்: லிட்டருக்கு 40 மில்லி டூ டி ஆயில், இந்த மெஷினின் புத்தகத்தில் உள்ளபடி. வேலை முடிந்தால் டேங்கைக் காலிசெய்து, தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, அப்புறம்தான் ஷெட்டுக்குள். இதை அண்ணனிடம் சொன்னபோது, "மீந்த பெட்ரோல என் வண்டில ஊத்திக்கட்டுங்களா தம்பி?" என்று கேட்டார். அவருடையது பழைய டூ ஸ்ட்ரோக் மொபெட். தாராளமாக ஊற்றிக்கொள்ளச் சொன்னேன்.

மெஷினை அவர் தோளில் மாட்டிக்கொண்டு மேற்கு வரப்பிலிருந்து தொடங்கினார். மூன்றாவது வரிசை வரை நின்று பார்த்தேன். சத்தம் எங்கேயும் உடையவில்லை. பின்னாலேயே வந்த அக்கா இரண்டு வரிசையிலும் புல்லுக்குள் கிடந்த காயை எடுத்துச் சாக்கில் போட்டார், பதினேழு காய். அதில் நான்கு முளை விட்டிருந்தது. அவற்றை நாற்றுக்கு என்று தனியாக வேலியோரம் வைத்துவிட்டுப் போனார்.